மூன்று ஓலை வாசிக்கும் வரை

மரியே வாழ்க

மெட்ராஸ்-4
11.8.1996

அன்புள்ள ஈவ்லினுக்கு,

நான் சுகம். கையும் காலும் சரியாக வேலை செய்கின்றன, வாய் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்கிறது. பிலாயில் நீ, உன் வீட்டுக்காரர் லாய்ட் தம்பி, பிள்ளை ஜெசிந்தா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மழைக்காலத்தில் உனக்கு வரும் இருமல் இந்த வருஷமாவது விட்டுவைத்ததா?

உன் அண்ணன் போய் இன்றோடு ஆறு மாதம். காலையில் பூசை வைத்தேன். முடிந்து வெளியே வந்தால், பாட்டுக் குழுவில் அவரோடு பாடிய அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரகாசம் சாருக்கு என்னங்க ஆச்சு, திடீர்னு போயிட்டாரே" என்றார். திடீரென்று எங்கே போனார்? பத்து மாதம் இடுப்பு வலி, இடுப்பு வலி என்று தைலமும் பெல்ட்டும் மாத்திரையுமாக எல்லார் கண் முன்னாலும்தானே உட்கார்ந்திருந்தார். "இரத்தப் புற்றுநோய். மைலோமா என்று பெயர்" என்றேன். அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டார்.

இந்த ஊரில் ஒருவரை அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், என்ன வியாதி என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். பெயரை மட்டும் சொல்லக் கூடாது.

என்னோடு வேலை பார்க்கும் பாட்டு டீச்சர் ஜானு, மயிலாப்பூரில் அவள் தெருக் குடியிருப்போர் சங்கத்தில் போன ஞாயிறு எனக்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தாள். சங்கச் செயலாளர் ராஜகோபாலன் நல்ல மனிதர். நான் எழுதிக் கொடுத்த 'இரத்தப் புற்றுநோய்: அறிகுறிகள்' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'இனிய இல்லத்துக்குச் சில உடல்நலக் குறிப்புகள்' என்று நோட்டீஸ் போட்டுவிட்டார். கேட்டால், "ஆடி மாசம் மேடம், கோயில் வாசல்ல குடுக்கற நோட்டீஸ். அந்த வார்த்தையப் போட்டா யாரு கையில வாங்குவா?" என்கிறார். வந்தவர்களில் பாதிப் பேர் யோகாசனம் என்று நினைத்துப் பாயோடு வந்திருந்தார்கள். மைக் செட்காரன் ஒரு பக்கம் கீச் கீச்சென்று கத்தவிட்டான். டாக்டர் முக்கால்வாசி ஆங்கிலத்தில் பேசினார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, சர்க்கரை உள்ளவர்கள் பலாப்பழம் சாப்பிடலாமா என்று கேட்டார். பிறகு சுண்டல். "கோச்சுக்காதேடி நோரா, அடுத்த தடவை நன்னா வரும்" என்றாள் ஜானு. எனக்கு அழுகை வந்தது, சுண்டலும் காரம்.

ஆனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பிப்ரவரியில் வருஷ நினைவுக்கு அட்டை அடிப்போம் அல்லவா? முன்பக்கம் உன் அண்ணன் படம். பின்பக்கம் வழக்கமான பைபிள் சங்கீத வரிகளுக்குப் பதிலாக இந்த வியாதியின் அடையாளங்களைப் போடப்போகிறேன். ஓய்வெடுத்தும் தைலம் தேய்த்தும் போகாத முதுகு வலி, எலும்பு வலி. இரத்தம் குறைந்து வெளுத்துப்போவது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது. அடிக்கடி காய்ச்சல், ஓயாத தாகம், சிறுநீரில் நுரை. இவை சேர்ந்து வந்தால் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அவ்வளவுதான். நோட்டீஸைத் தூக்கி எறிவார்கள், செத்தவர் படத்தை யாரும் எறிய மாட்டார்கள். ஜெபப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

உன் சம்மதத்தை எழுது. எல்லாருக்கும் என் அன்பு.

உன் அண்ணி
நோரா

*

பிலாய்
2.9.1996

அன்புள்ள அண்ணிக்கு,

கடவுள் புண்ணியத்தில் மூவரும் நலம். இருமல் விட்டது, இப்போது லாய்டுக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அண்ணனை நினைத்து நீங்கள் அலைவது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த அட்டை வேண்டாம் அண்ணி. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

ஜெசிந்தாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. உங்கள் பக்கம்தான், ராயப்பேட்டை. பையன் ஜெரால்டு, தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஒரே பிள்ளை. அப்பா ராஜரத்தினம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா பிலோமினா. படம் பார்த்து அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நம் பக்கத்திலிருந்து ஒருவர் போய் வீட்டைப் பார்த்து விசாரித்து வர வேண்டும். தாய்மாமன் முறைக்கு அண்ணன் போயிருப்பார். இப்போது நீங்கள்தான் போக வேண்டும்.

அண்ணனைப் பற்றிக் கேட்டார்கள். மாரடைப்பு என்று எழுதியிருக்கிறேன். அந்த வியாதியின் பெயரிலேயே இரத்தம் இருக்கிறது. மாமனுக்கு இரத்தத்தில் என்றால் பெண்ணுக்கும் இருக்குமோ என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை என்று உங்கள் டாக்டர் சொல்லலாம். பிள்ளையைப் பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டா சம்பந்தம் பேசுகிறார்கள்? போன வரனும் இப்படி ஒரு பேச்சில்தான் நின்றது. ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு முடியப்போகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். அதன் பிறகு மெரினாவில் மைக் போட்டுப் பேசுங்கள், நான் வந்து கைதட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள
ஈவ்லின்

*

மரியே வாழ்க

மெட்ராஸ்-4
14.9.1996

அன்புள்ள ஈவ்லினுக்கு,

உன் கடிதம் வந்தபோது நன்றாக இருந்தேன். படித்தபின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. லாய்ட் தம்பியின் இருமலுக்கு ஆடாதொடை கஷாயம் வைத்துக் கொடு.

மாரடைப்பா? அந்த மனிதருக்குக் கடைசி வரை நன்றாக இருந்தது இதயம் ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், என்னையும் கரண்டி பிடிக்கச் சொல்கிறாய்.

இது தொற்றாது. தாய்மாமன் வழியாகத் தாலிக்கு வருகிற சீரும் இல்லை. டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். பங்குச் சாமியாரிடமும் கேட்டேன், இதெல்லாம் கல்யாணத்துக்குத் தடையா என்று. "உங்களுக்கு வேற வேலையே இல்லையா டீச்சர்" என்று சிரித்தார்.

வேற வேலை இல்லைதான். வியாழக்கிழமை மீன் விற்கும் முத்தம்மாவிடம் வாசலிலேயே ஆரம்பித்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுதும் கேட்டாள். பிறகு, "இன்னாம்மா நீ, இட்ப்பு வலி இல்லாத பொம்பள எங்க குப்பத்துல எவ கீறா? அல்லாரையும் இஸ்துகினு போயி ஊசியால குத்தச் சொல்றியா?" என்றாள். எல்லா இடுப்பு வலியும் இது இல்லை, நூற்றில் ஒன்றுகூட இருக்காது, போகாத வலியோடு மற்ற அடையாளங்களும் சேர்ந்தால்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். "அத்த மொதல்ல சொல்றதுக்கின்னா, நான் பயந்துக்கினேன்ல" என்று வஞ்சிரத்தின் விலையை ஏற்றிவிட்டாள். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை ஈவ்லின். மெதுவாகச் சொன்னால் யோகாசனம் என்கிறார்கள். உரக்கச் சொன்னால் செருப்பைத் தேடுகிறார்கள்.

சரி. சிறுமியாக இருந்தபோது ஜெசிந்தாவை நான்தான் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்க வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டு அழைத்துப் போனேன். அவளுக்காக வாயை மூடிக்கொள்கிறேன். ஓலை மூன்றும் வாசிக்கும் வரை. இது வாக்கு.

ஞாயிறு அன்று ராயப்பேட்டை போகிறேன். ஜெசிந்தாவுக்கு முத்தம்.

உன் அண்ணி
நோரா

*

மரியே வாழ்க

சென்னை-4 (இனி இப்படித்தான் எழுத வேண்டுமாம்)
30.9.1996

அன்புள்ள ஈவ்லினுக்கு,

இங்கு நலம். அங்கு அனைவர் நலத்துக்கும் மன்றாடுகிறேன்.

ராயப்பேட்டை போய் வந்தேன். நல்ல குடும்பம். சொந்த வீடு, மாடியில் இரண்டு அறை. பையன் நல்ல உயரம், அடக்கமாகப் பேசுகிறான், குடி சிகரெட் கிடையாது. அம்மா கலகலப்பானவர், கேக் செய்து வைத்திருந்தார். அப்பா இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மரியாதையானவர். ஜெசிந்தா அங்கே சந்தோஷமாக இருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் காலாண்டுத் தேர்வுத் தாள்கள் குவிந்திருக்கின்றன. மற்றவை பின்னர்.

உன் அண்ணி
நோரா

*

பிலாய்
14.10.1996

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

மைக் செட் கீச்சென்று கத்தியதை எழுதினீர்கள், சுண்டலில் காரம் என்று எழுதினீர்கள், முத்தம்மா வஞ்சிரத்துக்கு விலை ஏற்றியதைக்கூட எழுதினீர்கள். என் மகள் வாழப் போகிற வீட்டைப் பற்றி எழுத உங்களுக்கு ஒரு கையகலம்தான் கிடைத்ததா? "மரியாதையானவர்" என்று யாரைப் பற்றியும் நீங்கள் சும்மா எழுத மாட்டீர்கள். எதையோ விழுங்குகிறீர்கள்.

பையன் குடிக்கிறானா? வேறு பெண் உண்டா? கடன் இருக்கிறதா? அந்த அம்மாளுக்கு வாய் நீளமா? எதுவானாலும் எழுதுங்கள். லாய்ட் என்னை நச்சரிக்கிறார், நான் யாரை நச்சரிப்பது?

பதிலை உடனே போடவும். ஜெசிந்தா உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

ஈவ்லின்

*

மரியே வாழ்க

சென்னை-4
23.10.1996

அன்புள்ள ஈவ்லினுக்கு,

நான் நலமில்லை. காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, ஆனாலும் நலமில்லை.

பையன் தங்கம். நான் விழுங்கியது அவனைப் பற்றி அல்ல, அவன் அப்பாவைப் பற்றி.

ராஜரத்தினம் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, சாய்வதா நிமிர்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். உன் அண்ணன் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. நான் இருந்த நேரம் முழுக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு மாதமாக இந்த வலியாம். "கரன்ட் கம்பம் ஏறின இடுப்புங்க, வலிக்காம என்ன பண்ணும்? தைலம் தேச்சா சரியாப் போயிடும்" என்றார் பிலோமினா. மாதம் ஒரு காய்ச்சல் வருகிறது என்று ஜெரால்டு சொன்னான். மாடிக்கு ஏறுவதையே விட்டுவிட்டாராம், மூச்சு வாங்குகிறதாம்.

அட்டையின் பின்பக்கத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஈவ்லின். நான் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு, "முந்திரி நிறையப் போட்டிருக்கிறீர்கள்" என்றேன். வழியில் போகிற மீன்காரியை நிறுத்தி இடுப்பு வலிக்கிறதா என்று கேட்கிற நான்.

வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இருக்கட்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். ஆனால் பார்த்துவிட வேண்டும். உன் அண்ணனுக்குக் கண்டுபிடித்தபோது சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. "முன்பே வந்திருந்தால் சில வருஷங்கள் கிடைத்திருக்கும்" என்றார் டாக்டர். குணமாகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. வருஷங்கள் என்றார். நான் அந்த வருஷங்களை வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் கழிந்து, ஜனவரியில்தான் ஓலை வாசிப்பார்கள். அதுவரை அவர் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? உன் அண்ணன் பெயரை எடுக்க மாட்டேன். பொதுவாகச் சொல்வது போலச் சொல்கிறேன். எனக்கு ஒரே ஒரு வார்த்தை எழுது. "சொல்லுங்கள்" என்று.

காத்திருக்கும்
நோரா

*

பிலாய்
18.11.1996

அன்புள்ள அண்ணிக்கு,

அனைவரும் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும். தீபாவளி லீவில் விருந்தாளிகள்.

கல்யாணம் ஜனவரி இருபத்தேழு, திங்கட்கிழமை, ராயப்பேட்டைக் கோயிலில் என்று முடிவாகியிருக்கிறது. கோயிலில் கட்டும் கல்யாணப் புடவையை தி. நகரில்தான் எடுக்க வேண்டும் என்கிறாள் ஜெசிந்தா. நீங்களே பார்த்து எடுத்து வையுங்கள். பார்டர் அகலமாக வேண்டாம், அவள் குள்ளம். லாய்டுக்கு இருபது நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. பெண்ணுக்கு இங்கிருந்தே பாத்திரம் கொண்டுவருவதா, அங்கே வாங்கிக்கொள்வதா என்பதை எழுதவும்.

நீங்கள் கேட்டிருந்ததற்கு: இன்னும் ஒரு ஓலைகூட வாசிக்கவில்லை.

ஈவ்லின்

*

மரியே வாழ்க

சென்னை-4
1.12.1996

அன்புள்ள ஈவ்லினுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவிடுகிறேன். முழுதும் படித்தபின் நீ என் சுகத்தை விசாரிக்க மாட்டாய்.

புடவை எடுத்துவிட்டேன். தி. நகரில் கூட்டத்தில் நசுங்கி, வெள்ளையில் மெல்லிய சரிகை. அதைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் நேற்று ராயப்பேட்டைக்குப் போனேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராஜரத்தினம் எழுந்து நிற்க முயன்று, முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. "சார், இந்த வலிக்கு இரத்தப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டேன். எதற்கு என்றார் பிலோமினா. பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும், ஆனால் சில பேருக்கு இது இரத்தப் புற்றுநோயாக இருக்கும், பார்த்துவிட்டால் நிம்மதி என்றேன். முத்தம்மாவிடம் கற்றுக்கொண்ட வரிசையில்தான் சொன்னேன்.

பிலோமினா புடவையை மடியிலிருந்து எடுத்து என் பக்கம் வைத்தார். "கல்யாணம் பேச வந்தீங்களா, எங்க வீட்டுக்காரருக்குச் சவப்பொட்டி அளவெடுக்க வந்தீங்களா?" என்றார்.

"இரு பிலோ" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "டீச்சர், இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அப்படி நேராகப் பார்த்துக் கேட்டபோது எனக்குப் பொய் வரவில்லை ஈவ்லின். "என் வீட்டுக்காரருக்கு இதுதான்" என்றேன்.

"அப்போ மாரடைப்புன்னு எழுதினது?" என்றார் பிலோமினா. அச்சகத்தில் முன்மாதிரியாக அடித்துக் கொடுத்த அட்டை ஒன்று கைப்பையில் இருந்தது, அதை எடுத்து ராஜரத்தினத்தின் கையில் கொடுத்தேன். உன் அண்ணன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். பிலோமினா எழுந்து கதவைத் திறந்து வைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வாக்கை மீறிவிட்டேன். உன் மகளின் கல்யாணம் என்னால் நின்றால் அது என் தலையில்தான் விழும், தெரியும். ஆனால் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. உன் அண்ணனுக்கு இப்படி ஒரு கிறுக்கி யாராவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறவள் நான்.

புடவை என்னிடம் இருக்கிறது.

நோரா

*

மரியே வாழ்க

சென்னை-4
22.12.1996

அன்புள்ள ஈவ்லினுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், கவனமாக இருங்கள். இந்த வருஷம் உன் வாழ்த்து அட்டை வரவில்லை. தபால்காரரைக் குறை சொல்லிப் பார்த்தேன், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நேற்று ஜெரால்டு வந்தான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெகு நேரம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். நான்தான் கூப்பிட்டேன்.

மைலோமாதான். அன்று நான் போனபிறகு, அட்டையை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போவோம் என்று அவன் அப்பாவே சொல்லியிருக்கிறார். இரத்தம், எக்ஸ்ரே, பிறகு அடையாறு, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, எல்லாம் முடிந்தது. சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்கிறதாம். மாத்திரை தொடங்கியாயிற்று. வலி கொஞ்சம் குறைந்து நேற்று மாடி ஏறினாராம். இதைச் சொல்லும்போது பையன் அழுதான். நான் அழவில்லை, காபி போடப் போனேன்.

காபியைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். அவன் அம்மா சொல்லி அனுப்பியது. "பொண்ணு வீட்டுக்கு இப்பத் தெரிய வேணாம் ஆன்ட்டி. பையனோட அப்பாவுக்கே இப்படின்னா பொண்ணு தர யோசிப்பாங்களாம். ஓலை மூணும் வாசிச்சு முடியட்டும், அப்புறம் நாங்களே சொல்லிக்கிறோம்னு அம்மா சொல்றாங்க."

ஓலை மூன்றும். இதே வார்த்தை. எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நீ அவர்களிடம் மறைக்கச் சொல்கிறாய், அவர்கள் உன்னிடம் மறைக்கச் சொல்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே வியாதி, ஒரே பயம், ஒரே பொய். நடுவில் நான் ஒருத்தி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று. "தம்பி, ஒரு வீட்டுக்காக வாயை மூடியே நான் படாதபாடு பட்டேன். இரண்டு வீட்டுக்கு என்னால் முடியாது. இன்றைக்கே பிலாய்க்கு எழுதப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் வந்தது நிம்மதியா கலக்கமா என்று தெரியவில்லை. "ஜெசிந்தாகிட்ட நான் பேசணும்னுதான் இருந்தேன் ஆன்ட்டி" என்றான்.

எழுதிவிட்டேன். அவர்களுக்குப் பெண் தருவதும் தராததும் உன் இஷ்டம், லாய்ட் தம்பியின் இஷ்டம். தரவில்லை என்றால், உன் அண்ணன் பெயரைச் சொல்லி எவனாவது பெண் எடுக்க மறுத்தால் நீ என்ன பாடு படுவாயோ, அந்தப் பாட்டை அந்த அம்மாளும் படுவார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்.

புடவை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

நோரா

*

பிலாய்
20.1.1997

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் தலைவலி. நேற்றிலிருந்து இந்தக் காலனியில் மூன்று பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். லாய்டின் ஃபோர்மேன் சங்கரன் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வந்து, சிறுநீரில் நுரை என்றால் எவ்வளவு நுரை என்று கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்வேன்? எல்லாம் உங்களால்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து வைத்தேன். உங்களோடு இனிப் பேசுவதில்லை என்று லாய்டிடம் சொன்னேன். இரண்டாவது வந்தபோது வீட்டில் பெரிய சண்டை. ஜெசிந்தா என்னிடம், "என் மாமாவுக்கு என்ன வியாதின்னு சொல்ல வெக்கப்படற நீ, அவங்க அப்பாவுக்கு வந்ததைக் குத்தம் சொல்லுவியாம்மா?" என்று கேட்டாள். நீங்கள் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவள்தானே.

புத்தாண்டு அன்று பிலோமினா அம்மாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். நீங்கள் எனக்கு எழுதிவிட்டதை ஜெரால்டு அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வாழ்த்து சொன்னார், குளிரை விசாரித்தார். அப்புறம் இழுத்து இழுத்து, "இவருக்குக் கொஞ்சம் ஒடம்பு முடியலைங்க. லேசா ஹார்ட்டுல. மாரடைப்பு மாதிரி. கல்யாணத்துல ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

நான் எழுதிய பொய் எனக்கே திரும்பி வந்தது அண்ணி. சிரிப்பு வந்தது, கோபம் வந்தது. உங்கள் கூடத்து நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. "மாரடைப்பு இல்லீங்க, மைலோமா. எங்க அண்ணனுக்கும் அதுதான்" என்றேன். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால், மீட்டர் ஓடுவதையும் மறந்து அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். பிறகு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா, அண்ணனுக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அண்ணியைக் கேளுங்கள், அவருக்கு வேறு வேலை இல்லை என்றேன். உங்களிடம் வருவார். கதவைத் திறந்து காட்டியதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வியாழக்கிழமை கிளம்புகிறோம். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம். அட்டையை அப்படியே அடியுங்கள். வியாதியின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பிலாய்க்கும் ஒரு கட்டு வேண்டும். அண்ணன் படம் மட்டும் அந்தக் கோட்டுப் போட்ட படம் வேண்டாம், பாட்டுக் குழுவில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நேற்று இங்கே மாதத் தமிழ்ப் பூசை. மன்றாட்டு வாசிக்க என் முறை. உடல்நலம் குன்றியவர்களுக்காக என்று வழக்கமாக ஒரு வரி வருமே, அதற்குப் பதிலாக, "இரத்தப் புற்றுநோயால் இறந்த என் அண்ணன் பிரகாசத்துக்காகவும், அதே நோய்க்கு மருந்து சாப்பிடும் எங்கள் சம்பந்தி ராஜரத்தினத்துக்காகவும்" என்று மைக்கில் வாசித்தேன். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்வதற்கு முன் எல்லாரும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்.

பூசை முடிவில் சாமியார் ஜெசிந்தாவின் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தினார். நான் திரும்பிக் கோயில் முழுக்கப் பார்த்தேன் அண்ணி. எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

புடவையை வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள், நாப்தலின் வாசனை எனக்கு ஆகாது.

உங்கள்
ஈவ்லின்